பழைய லான்ட்மாஸ்டர் வாங்க முன்: திருப்பும் லீவர்களைச் சோதித்தல்

மீளக்குடியமர்ந்த பல குடும்பங்கள் வயலை உழவும் நெல்லும் விறகும் ஏற்றவும் பாவித்த லான்ட்மாஸ்டர் ஒன்றை வாங்குகின்றன. எஞ்சின் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பவர்கள், அது ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பார்ப்பதில்லை. குளக்கட்டிலோ மதகிலோ திரும்பாத இயந்திரம் ஆளோடு கவிழும். எனவே முற்பணம் கொடுக்க முன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

எப்படித் திரும்புகிறது?

இதற்கு ஸ்டியரிங் வளையம் இல்லை. கைபிடிகளின் கீழ் பக்கத்துக்கு ஒரு லீவர் உண்டு. இடது லீவரை அழுத்தினால் கியர் பெட்டிக்குள் உள்ள பல் கிளச் விலகி, இடது சக்கரத்துக்குப் போகும் விசை நிற்கும். வலது சக்கரம் தொடர்ந்து தள்ளுவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். வலது லீவரும் இவ்வாறே.

எஞ்சினை நிறுத்தி வைத்து

1. இரு ரயர்களும் ஒரே அளவா, ஒரே தேய்வா, காற்று சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். இது இலகுவில் திருத்தக்கூடியது.
2. சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். நட்டுகள் இறுக்கமாக இருந்தும் ஆடினால் பெயரிங் தேய்ந்திருக்கலாம். அச்சோரம் எண்ணெய் கசிந்தால் சீல் பழுது.
3. லீவர்களை அழுத்தி விடுங்கள். தொடக்கத்தில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். விட்டதும் உடனே திரும்பி வர வேண்டும். தளர்வே இல்லையென்றால் பல் முழுமையாகப் பொருந்தாமல் தேயும்.
4. பெட்டியைக் கழற்றி, பிரதான கிளச் பிடித்திருக்க, முதலாம் கியரில் போட்டு முன்னே தள்ளுங்கள். சக்கரங்கள் இறுகி நிற்கும். இடது லீவரை அழுத்தித் தள்ளுங்கள். இடது சக்கரம் மட்டும் உருள வேண்டும். மறுபக்கமும் சோதியுங்கள்.

ஓட்டிப் பார்த்து

சமமான வெளியில், பெட்டி இல்லாமல், முதலாம் கியரில் மெதுவாக ஓட்டுங்கள்.

- லீவரை முழுதாக அழுத்தினாலும் தாமதித்தே திரும்பினால்: கேபிள் அல்லது கம்பி தளர்ந்துள்ளது. சரிசெய்யும் நட்டை இறுக்கிப் பாருங்கள். அதன் பின்னும் திரும்பாவிட்டால் கியர் பெட்டியைத் திறக்க வேண்டி வரும்.
- லீவரை விட்ட பின்னும் தொடர்ந்து திரும்பினால்: கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது உள்ளே ஸ்பிரிங் பழுது.
- பாரம் இழுக்கும்போது ஒரு பக்கம் கடகடவென்று நழுவினால்: கிளச் பற்கள் தேய்ந்துள்ளன. இது செலவு கூடிய வேலை. கராஜில் விலை கேட்டு, அந்தத் தொகையைக் கழித்தே பேரம் பேசுங்கள்.

இறக்கத்தில் கவனம்

நான்காவது சோதனையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். இடது லீவரை அழுத்தித் தள்ளியபோது இயந்திரம் வலப்பக்கம் அல்லவா திரும்பியது? பாரமேற்றிய பெட்டி இறக்கத்தில் பின்னிருந்து தள்ளும்போதும் இதுவே நடக்கும். விடுபட்ட சக்கரம் விரைந்து உருளும். மற்றதை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இது பழுது அல்ல. இந்த இயந்திரத்தின் இயல்பு. அறியாதவர் பதறி இன்னும் பலமாக அழுத்துவார். அது இன்னும் பிழையான பக்கம் போகும்.

எனவே இறங்க முன்னரே குறைந்த கியருக்கு மாற்றுங்கள். இறக்கத்தில் திருப்பும் லீவர்களைத் தொடாமல், கைபிடியைத் தள்ளித் திருப்புங்கள். இரண்டு லீவர்களையும் ஒன்றாக அழுத்தவோ, நியூட்ரலில் விடவோ வேண்டாம். எஞ்சினின் பிடி முற்றாக விடுபட்டுவிடும்.

வீட்டில் வேறு யாரும் ஓட்டுவதாக இருந்தால், நான்காவது சோதனையை அவர்களைக் கொண்டே செய்வியுங்கள். ஒருமுறை கையால் தள்ளிப் பார்த்தவருக்கு இறக்கத்தில் அது மறக்காது.