ஆங்கில நிபந்தனை வினையும் தமிழ் எச்சமும்

ஆங்கிலத்தில் 'இஃப்' என்பது ஈரெழுத்தாலாகிய சிறு சொல். அதன் பொருளை நம் நாட்டுச் சிறாரும் அறிவர். ஆயினும், அச்சொல்லைத் தொடர்ந்து வரும் வினை எவ்வுருவில் நிற்றல் வேண்டும் என்னுமிடத்து, ஆங்கிலத்தைப் பல்லாண்டு பயின்றோரும் இடர்ப்படுகின்றனர். இவ்விடர்ப்பாடு அறியாமை ஒன்றினால் மட்டும் விளைவதன்று. நம் தாய்மொழியின் அமைப்பும் நாம் உணராவண்ணம் நம் எழுதுகோலை நடத்துகின்றது என்பது என் துணிபு. தமிழ் பயிலும் மாணவன் ஆங்கில இலக்கணம் பேசப் புகுந்தது ஏனென்று வினவும் நண்பர்க்கு, என் பிழையொன்றைக் கூறியே விடையிறுத்தல் வேண்டும்.

பள்ளியில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியரொருவர், பணியினின்றும் ஓய்வுபெற்று, நெடுந்தொலைவிலுள்ள தம் மகனுடைய இல்லத்திற்குக் குடிபெயர இருந்தார். சனிக்கிழமை மாலை வரையில் ஊரிலிருக்கக் கருதியிருப்பதாகவும், புறப்படுமுன் ஒருமுறை வந்து காணுமாறும் ஆங்கிலத்திலேயே எனக்குக் கடிதம் விடுத்தார். 'நேரம் கிடைத்தால் வருவேன்' என்பது என் உள்ளத்திலிருந்த தமிழ். அதனை, 'இஃப் ஐ ஹாட் டைம், ஐ வுட் கம்' என்று ஆங்கிலமாக்கி விடையெழுதினேன். 'வில்' என்பதினும் 'வுட்' என்பது பணிவுடைத்து என்று எவரோ சொல்லக் கேட்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் நேரமுங் கிடைத்தது, சென்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. வியாழனன்றே அவர் புறப்பட்டுவிட்டதாக அயலார் கூறினர். சில நாட் கழித்து வந்த கடிதத்தில், எனக்கு நேரமில்லை என்று எழுதியிருந்தமையால் காத்திராமற் புறப்பட்டதாகவும், அதுபற்றி நான் வருந்தவேண்டுவதில்லை என்றும் கண்டிருந்தது. யான் அங்ஙனம் எழுதவில்லையே என்று முதலிற் சினந்தேன். இலக்கண நூலைத் திறந்து நோக்கிய பின்னரே, அங்ஙனந்தான் எழுதியிருந்தேன் என்பது விளங்கிற்று.

நிகழக்கூடிய ஒன்றைக் கூறுங்கால் ஆங்கிலேயர், 'இஃப் ஐ ஹாவ் டைம், ஐ வில் கம்' என்பர். முற்பகுதியின் வினை நிகழ்கால உருவினது, பொருளோ எதிர்காலம். நேரம் கிடைத்தலும் கூடும், கிடையாமையும் கூடும், வாயில் திறந்தேயிருக்கின்றது. அவ்வினையை இறந்தகால உருவில் நிறுத்தி, 'இஃப் ஐ ஹாட் டைம், ஐ வுட் கம்' என்றால், 'நேரமிருந்தாலன்றோ வருவது? அஃது இல்லையே' என்னும் பொருள் தோன்றும். இங்கே இறந்தகால உரு இறந்தகாலத்தைக் காட்டவில்லை. உண்மைக்கும் சொல்வோன் கருதும் நிலைக்கும் உள்ள தொலைவையே காட்டுகின்றது. காலத்தால் அப்பாற்பட்டதைக் குறிக்கும் உருவைக்கொண்டு, உண்மைக்கு அப்பாற்பட்டதையும் குறிக்கின்றனர். 'வுட்' என்பதிலுள்ள பணிவும் இத்தொலைவினின்றும் பிறந்ததே. ஆனால் அப்பணிவு வேண்டுகோளுக்கு ஏற்றது, வாக்களிப்பதற்கு ஏற்றதன்று.

யான் 'ஹாட்' என்று எழுதியது ஏன்? 'கிடைத்தால்' என்னுஞ் சொல்லைப் பிரித்து நோக்கினால் விடை கிடைக்கும். அதன்கண் உள்ளது இறந்தகால இடைநிலையாகிய தகரம். வந்தால், உண்டால், போனால் என்பனவும் வந்தான், உண்டான், போனான் என்னும் இறந்தகால முற்றுக்களின் பகுதியையும் இடைநிலையையுமே கொண்டு, ஈற்றில் 'ஆல்' பெற்று நிற்கின்றன. வரின், உண்ணின், போகின் என்னும் 'செயின்' வாய்பாட்டுச் சொற்களில் இவ்விடைநிலை இல்லை. 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலில் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டு கூறி, 'செயின்' என்பதனை எதிர்காலத்திற்கு உரியதாக வைத்தார். நாம் நாடோறும் வழங்கும் 'செய்தால்' அப்பன்னிரண்டனுள் இடம்பெறவில்லை. பழஞ்செய்யுளிற் பயிலும் 'செய்தக்கால்' என்பதும் இறந்தகாலப் பெயரெச்சத்தின்மேற் பிறந்ததே. ஆகவே, இனி நிகழவேண்டுவதைக் கூறுதற்கு இறந்தகால உருவைக் கையாளுதல் ஆங்கிலேயர்க்கே உரிய விந்தையன்று. நம் வீட்டிலும் அவ்வழக்கு உண்டு.

வேறுபாடு ஒன்றே. தமிழில் அவ்வுரு தன் காலப்பொருளை முற்றும் இழந்துவிட்டது. 'அவர் வந்தால் சொல்வேன்' என்பதில் அவர் வருவாரென்னும் நம்பிக்கை உண்டு. 'சிறகிருந்தால் பறப்பேன்' என்பதில் எந்நம்பிக்கையும் இல்லை. எனினும் எச்சத்தின் உருவும் முடிக்குஞ் சொல்லின் உருவும் இரண்டிடத்தும் ஒருபடித்தானவையே. கேட்போன் தன் உலகியலறிவு கொண்டு வேறுபடுத்தி உணர்கின்றான். ஆங்கிலமோ இவ்விரண்டையும் வினையினாலேயே பிரிக்கின்றது. முன்னையதற்குக் 'கம்ஸ்', 'வில்'; பின்னையதற்கு 'ஹாட்', 'வுட்'. நாம் பிரியாததை அவர் பிரிப்பதனாலேயே நாம் அவ்விடத்து வழுக்கி விழுகின்றோம். கடந்துபோனதை எண்ணி இரங்கும் நிபந்தனையில் நமக்கு அத்துணை இடரில்லை. 'வந்திருந்தால் கண்டிருப்பேன்' என்று தமிழும் அதனை வேறாக்கி வைத்திருத்தலால், 'இஃப் ஐ ஹாட் கம், ஐ வுட் ஹாவ் சீன்' என்பது எளிதில் வருகின்றது. ஆசிரியர்க்கு யான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் இவ்வகை வாக்கியங்கள் நான்கு இருந்தன, நான்கும் பிழையற்றவை. மிக வருந்தினமையால் வந்த திருத்தம் போலும்!

இனி, 'நான், நீ, அவன்' என்னும் இடப்பெயர்களோடு இவ்வினை இயையுமாற்றைக் காண்போம். 'ஐ வாஸ்', 'ஹீ வாஸ்' என்று மனப்பாடஞ் செய்த மாணவன், 'இஃப் ஐ வெர் யூ' என்பதைக் கேட்டுத் திகைக்கின்றான். 'வெர்' பன்மைக்குரியதன்றோ, ஒருவன் தன்னைப் பன்மையாற் கூறுதல் தகுமோ என்று ஐயுறுகின்றான். இந்த 'வெர்' பன்மையன்று. பழைய ஆங்கிலத்தில் உண்மையல்லாததைக் கூறும் வினைநிலைக்கெனத் தனியுருவம் இருந்தது. அதன் ஒருமை மூவிடத்திற்கும் ஒன்றாகவே நின்றது. அவ்வுருவின் எச்சமே இது. ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே என எப்பெயர் முன்வரினும் 'வெர்' மாறாது. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது: நான் இருந்தால், நீ இருந்தால், அவர்கள் இருந்தால் என நம் வினையெச்சமும் திணை பால் எண் இடம் காட்டாது நிற்கின்றதன்றோ? இக்கால ஆங்கிலேயர் பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்பதும் மிகுதியாக வழங்குகின்றது. எனினும் தேர்வுத்தாளில் 'வெர்' எழுதுவோர்க்கு இழப்பில்லை. இடத்தைக் காட்ட விரும்பின், 'வந்தேனாயின், வந்தாயாயின், வருவானாயின்' என முற்றின்மேல் ஆக்கச்சொல்லைச் சேர்த்தும் தமிழிற் கூறலாம். நம் திருமறை மொழிபெயர்ப்பைப் படிப்போர்க்கு இந்நடை பழகியதே. 'இஃப் ஐ வெர் யூ' என்பதனை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'நான் நீயாயிருந்தால்' என்றல் ஆகாது. 'உன் நிலையில் நானிருந்தால்' என்பதே தமிழ்.

பண்புச்சொற்களைப் பற்றிச் சொல்லவேண்டுவது சிறிதே. 'ரிச்', 'இல்', 'ஃப்ரீ' போன்ற பண்புச்சொற்கள் தாமே வினையாகா. ஆதலின் நிபந்தனையின் சுமை முழுதும் உடன்வரும் 'பீ' வினையின்மேல் ஏறுகின்றது. 'இஃப் ஷீ இஸ் இல்' என்றால் அவள் நோயுற்றிருத்தல் கூடும். 'இஃப் ஷீ வெர் இல்' என்றால் அவள் நலமாயிருக்கின்றாள் என்று சொல்வோன் கருதுகின்றான். தமிழிலும் 'நல்லன்' என்னும் குறிப்பு முற்று நிபந்தனையாதற்கு 'நல்லனாயின்' என ஆக்கச்சொல்லின் துணையை நாடுகின்றது. சிலவிடத்து ஆங்கிலேயர் எழுவாயையும் வினையையும் ஒருங்கே விடுத்து, பண்புச்சொல்லை மட்டும் 'இஃப்' என்பதன்பின் வைப்பர். 'இஃப் நெசசரி' என்பது வேண்டுமாயின். 'இஃப் ட்ரூ' என்பது மெய்யாயின். வினையே இல்லாமையால் உருவிற் பிழைபடுதற்கும் இடமில்லை. என் போன்றோர்க்கு இதனினும் உவப்பான வாக்கியம் வேறில்லை.

ஆசிரியரிடமிருந்து சென்ற மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. மே விடுமுறையில் வருமாறு எழுதி, இறுதியில் 'இஃப் பாசிபிள்' என்று முடித்திருந்தார். 'ஐ வில் கம்' என்று மூன்றே சொல்லில் விடையெழுதிவிட்டு, புகைவண்டிக்குப் பயணச்சீட்டும் வாங்கியிருக்கின்றேன்.