கியர்பாக்ஸ் போச்சு, வாரண்டியும் போச்சு: இனி பேரம்தான்

காலை எட்டரை மணி. பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். பத்து மணிக்கு மறைமலைநகரில் கிளையன்ட் மீட்டிங். டேஷ்போர்டில் ஸ்பேனர் சிம்பல் மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். வாரண்டி முடிந்து நாலு மாதம். மறுநாள் வாட்ஸப்பில் எஸ்டிமேட் வந்தது: 3,40,000 ரூபாய். கடைசியில் நான் கட்டியது அதில் பாதிக்கும் குறைவு. சம்பளம் பேசும்போது என்ன செய்வேனோ, அதையேதான் இங்கேயும் செய்தேன்.

1. முதலில் கிளையன்ட், அப்புறம்தான் கார். கேப் பிடியுங்கள். மேனேஜருக்கு ஒரே வரி: "வண்டி பிரேக்டவுன், கேபில் வருகிறேன், 20 நிமிஷம் லேட்." மீட்டிங்கில் கியர்பாக்ஸ் புராணம் வேண்டாம். அடுத்த ரிவ்யூவில் உங்கள் பெயரோடு அந்தப் புராணம்தான் ஞாபகம் வரும். வண்டியை எடுக்க ஃபிளாட்பெட் கேளுங்கள். இன்ஜின் ஓடாதபோது பல ஆட்டோமேட்டிக்குகளில் ஆயில் பம்ப் சுற்றாது. டிரைவ் சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே இருப்பதும் தேயும்.

2. சர்வீஸ் சென்டரில் எரர் கோடைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் திரையை போட்டோ எடுங்கள். பி0700 என்று மட்டும் வந்தால் டிரான்ஸ்மிஷனில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். கூடவே வரும் அடுத்த கோடுதான் இடத்தைக் காட்டும். உங்களுடையது ஏ.எம்.டி.யா? அது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சோ ஆக்சுவேட்டரோ போயிருந்தால் முழு பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை. டூயல் கிளட்ச் என்றால் கிளட்சா, மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டா என்று பிரித்துக் கேளுங்கள். சி.வி.டி.யில் ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் நல்ல அறிகுறி இல்லை. "அசெம்பிளி மாத்தணும் சார்" என்றால், "எந்த பார்ட் ஃபெயில், எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். முழு அசெம்பிளி மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், பில்லும் பெரிசு. அவர்களுக்கும் டார்கெட் இருக்கிறது. கோபப்பட ஒன்றுமில்லை.

3. குட்வில் கேளுங்கள். பணம் இங்கேதான் இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை. வாரண்டி முடிந்த வண்டிக்கும் சில கம்பெனிகள் பார்ட்ஸ் விலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதுண்டு. உரிமை கிடையாது, சலுகைதான். அதனால் தொனி முக்கியம். சர்வீஸ் அட்வைசரிடம் கெஞ்சாதீர்கள், அவருக்கு அதிகாரம் இல்லை. கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள், டீலரை சிசியில் வையுங்கள். என் மெயில் ஆறே வரி: வாங்கிய தேதி, ஓடிய 71,000 கிலோமீட்டர், ஒரு சர்வீஸ்கூடத் தவறவில்லை என்பதற்கு பில்கள், எரர் கோடு, எஸ்டிமேட், கோரிக்கை. மிரட்டல், கேப்பிட்டல் லெட்டர் எதுவும் இல்லை. முதல் பதில் "நோ"தான். இரண்டாவது மெயிலுக்கு ஏரியா மேனேஜரே போன் செய்தார்.

உங்கள் கியர்பாக்ஸ் வகைக்கு வெளிநாட்டில் ரீகால் நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் தன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸான டி.எஸ்.ஜி.யின் கோளாறுக்காக 3,84,181 வண்டிகளை ரீகால் செய்தது. இப்படி ஒன்று கிடைத்தால் மெயிலில் ஒரு வரி போதும். படிக்கிறவருக்குப் புரியும்.

4. பதில் வரும்வரை வெளி மெக்கானிக் கியர்பாக்ஸில் கை வைக்கக் கூடாது. ஒபினியன் கேளுங்கள், கொட்டேஷன் வாங்குங்கள், கழற்ற விடாதீர்கள். வெளியே பிரித்த பாக்ஸுக்குக் குட்வில் கிடைக்காது. கழற்றிப் பரப்பிய பிறகு அந்த மெக்கானிக்கிடமும் பேரம் பேச முடியாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் மலிவு. எவ்வளவு ஓடியது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள், சில மாடல்களில் கோடிங் செய்யாமல் ஓடவும் ஓடாது.

5. சாதாரண இன்ஷூரன்ஸ் மெக்கானிக்கல் கோளாறுக்கு வராது. அடியில் கல் அடித்து ஆயில் ஒழுகியிருந்தால் கதை வேறு. அன்றைக்கே கிளெய்ம் சொல்லுங்கள். மேலே ஓட்டிப் பாழாக்கினால் மறுப்பார்கள்.

6. எல்லாக் கதவும் மூடினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில்தான். எழுத்தில் வாங்கிய அந்தக் காரணமும் போட்டோவும் அங்கே உதவும்.

7. டெலிவரி எடுக்கும் நாளில் அவசரம் காட்டாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருபது நிமிடமாவது டிராஃபிக்கில் ஓட்டுங்கள், ரிவர்ஸ் போடுங்கள். புது பாகத்துக்கு எத்தனை மாதம் வாரண்டி என்பது பில்லில் அச்சாகி வந்த பிறகு கார்டைத் தேயுங்கள்.