கைப்பேசியில் வரும் பரிசோதனை முடிவு

மண் பரிசோதனை முடிவு வந்தால் குடியானவர் அதைத் திண்ணையில் வைத்தே நாலு பேருக்குக் காட்டுவார். சுண்ணாம்பு அதிகம், சாம்பல் சத்துக் குறைவு என்று எல்லோரும் கூடிப் பேசுவர். அதில் கூச்சத்துக்கு இடமில்லை. அதே வீட்டு இளைஞர் ஒருவர் பால்வினை நோய்க்காக இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தாலோ, அம்முடிவு முதலில் எவர் கண்ணில் படும் என்பதே அவருக்குப் பெருங்கவலையாகி விடுகிறது. அந்தக் கவலையினாலேயே பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவோரும் உண்டு.

போகாமலிருப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. கிளமிடியா என்னும் தொற்று பெரும்பாலோரிடம் எந்த அறிகுறியும் காட்டாது. பெண்களிடம் கவனிப்பாரின்றி நீடித்தால் பிற்காலத்தில் கருத்தரிக்க இயலாத நிலையை உண்டாக்கக் கூடும். சிபிலிஸ், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவைப் பற்றும். இவ்விரண்டும் மருந்தினால் குணமாகக் கூடியவை. எச்.ஐ.வி. முற்றிலும் நீங்காவிடினும், தினமும் மருந்து உட்கொள்வோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர்.

கனடா தேசத்தின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2014ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. சோதனை வேண்டுவோர் இணையத்தில் சில கேள்விகளுக்கு விடையளித்து, அதில் கிடைக்கும் படிவத்துடன் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லலாம். முன்னதாக மருத்துவரைக் காண வேண்டியதில்லை. தொற்று இல்லை எனில் முடிவை இணையத்திலேயே தாமே பார்த்துக்கொள்ளலாம். தொற்று உண்டு என்றாலோ, ஐயம் இருந்தாலோ, தாதி ஒருவர் தொலைபேசியில் பேசி விளக்குகிறார். நல்ல செய்தியை இயந்திரம் சொல்லலாம், கடினமான செய்தியை மனிதரே சொல்ல வேண்டும் என்னும் இந்தப் பாகுபாடு மிகவும் பொருத்தமானது என்பது நம் கருத்து.

நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். அங்கு ஆலோசகர் முடிவை நேரில் கூறி விளக்குகிறார். தனியார் ஆய்வுக்கூடங்களிலோ முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி என்றிருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் தகப்பனார் எண்ணைக் கொடுத்த மகனின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்னொருவர் அறிக்கையை அச்செடுக்க இ-சேவை மையத்துக்குச் செல்கிறார். தாள் கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது! மறுநாள் அதில் அமர்பவர் எவரோ? ஆகவே எந்த எண்ணுக்கு, எந்த விதத்தில் முடிவு வர வேண்டும் என்று இரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நலம். கோப்பை அழித்த பின்னரே மையத்தை விட்டு எழ வேண்டும்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நம்பிக்கையின் பேரில் ஒருவரது நிலையை அறிந்தவர் அவரது சம்மதமின்றிப் பிறருக்கு அதை வெளியிடலாகாது. ஊர் நன்மைக்காகத்தான் விசாரிக்கிறேன் என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் ஆலோசகரிடம் பெயர்களைக் கேட்பதும் முறையன்று. அவ்வாறு கேட்டது ஊரில் தெரிந்தால், அதன் பிறகு எந்த இளைஞரும் அந்த மையத்தின் வாசற்படி ஏறமாட்டார். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு எச்.ஐ.வி. சோதனை செய்யப் பாதுகாவலர் சம்மதம் தேவை என்பதையும் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவைத் தனியே படிப்போர் இரண்டு இடங்களில் தவறுவர். தொற்று ஏற்பட்ட சில வாரங்கள் வரை எச்.ஐ.வி. சோதனையில் அது புலப்படாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுமுறை சோதிக்கும்படி ஆலோசகர் சொல்வது அதனாலேயே. இனி, முதற் சோதனையில் தொற்றுக் குறி தென்பட்டாலும் அதுவே இறுதித் தீர்ப்பன்று. வேறு சோதனைகளாலும் உறுதி செய்த பின்னரே சொல்வர். இரவு பத்து மணிக்கு அந்த ஒரு வரியைக் கைப்பேசியில் கண்டு கலங்கும் இளைஞருக்கு, விடியும் வரை காத்திராமல் பேசுவதற்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அதைச் சுகாதார நிலையச் சுவரிலும் பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அதிகச் செலவாகாது.