பாலில் கலப்படம்: தங்கம் காட்டும் நிறம்



எங்க அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள், கறந்த சூட்டோடு கொண்டுபோன பாலில் லாக்டோமீட்டர் குறைவாகக் காட்டியது. "தண்ணி கலந்திருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். பதில் சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை.

சோதனை ஏமாறுமா? ஏமாறும். 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில், புரதம் குறைவது தெரியாமலிருக்க மெலமினைச் சேர்த்தார்கள். இது பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் பொருள். சிறுநீரகத்தில் கல் உண்டாகி சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். கெல்டால் சோதனை நைட்ரஜனை அளந்து, அதை 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடும். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்தான்!

இங்கேதான் தங்கம் உதவிக்கு வருகிறது. சுமார் 13 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் மிதந்தால் நீர் சிவப்பாக இருக்கும். (ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) இந்தச் சிவப்பை 1857-லேயே மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். துகள்களின் மேலுள்ள சிட்ரேட் எதிர்மின்சுமை கொண்டது. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். 520 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை ஒளியை உட்கவர்வதால் சிவப்பு தெரிகிறது.

மெலமின் வந்தால், அதன் அமினோ தொகுதிகள் தங்கத்தில் ஒட்டி சிட்ரேட்டை விலக்கிவிடும். துகள்கள் கூட்டமாகச் சேரும். உட்கவரும் அலைநீளம் 600-க்கு மேல் போய், நீர் நீலமாகும். சில நிமிடங்களில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உப்பு சேர்ந்தாலும் இந்த நீர் நீலமாகும்! பாலிலுள்ள கேசினை முதலில் பிரித்து வடிகட்ட வேண்டும். சுத்தமான பாலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நீலம் வந்தால் குரோமட்டோகிராபி மூலம் உறுதி செய்த பிறகே குற்றம் சொல்ல வேண்டும்.

சூடு ஆறாத பாலுக்கு அடர்த்தி குறைவு, லாக்டோமீட்டர் அளப்பது அடர்த்தியை மட்டும்தான் என்பதை நம் ஆய்வகத்தில்தான் கற்றேன். அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டா, அன்னைக்கு இதைச் சொல்ல ஒருத்தர் இல்லாமப் போயிட்டாங்களே" என்றார்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் சோதனைக்கூடங்களில் நிற்போம். கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு கையெழுத்துப் போடுவோம்!

— இரண்டாமாண்டு மாணவன், வேதிப் பொறியியல் பட்டயப் படிப்பு