சேதுபதிகள் ராஜாவா, ஜமீன்தாரா?

கேள்வி: மதுரையில் சேதுபதி பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் தாத்தா ‘ராமநாதபுரம் ராஜா’ என்று மரியாதையோடு சொல்வார். மகளின் புத்தகத்திலோ ‘ஜமீன்தார்’ என்று இருக்கிறது. எது சரி?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: இரண்டுமே சரிதான். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளை ஊர் ராஜாவாகவே பார்த்தது. வெள்ளைக்காரனின் தஸ்தாவேஜில் 1803 முதல் அவர்கள் ஜமீன்தார்கள்.

ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1795-ல் பதவியிலிருந்து இறக்கியது. 1809-ல் சென்னையில் கைதியாகவே அவர் இறந்தார். இதற்கிடையே, 1803-ல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கொடுத்தார்கள். அரண்மனை மிஞ்சியது, நவராத்திரி தர்பார் மிஞ்சியது. படை போய்விட்டது. ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்ட வேண்டும். பாக்கி விழுந்தால் ஏலம் வரும். பக்கத்துச் சிவகங்கையில் 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள்; பிறகு அந்தச் சீமையின் மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரைப் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அதே 1801-ல்தான் ரஷ்யப் பேரரசு கிழக்கு ஜார்ஜியாவை விழுங்கியது. அங்கும் பக்ரேஷன் அரச குடும்பத்தாரை ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரபுக் குடும்பங்கள் தங்கள் பரம்பரைக்கு ஆவணம் காட்டி அந்நிய அரசிடம் அங்கீகாரம் கேட்டு நின்றன.

நம் பக்கத்தில் அந்த அவலத்தை ஒரு சுவீகார வழக்கில் காணலாம். பீரங்கியைவிட இதுவே என்னை அதிகம் வருத்துகிறது. கணவரை இழந்த ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847-ல் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். பங்காளிகள் சம்மதித்திருந்தார்கள். ‘கணவர் அனுமதி தராமல் விதவை எப்படிச் சுவீகாரம் எடுக்கலாம்?’ என்று கேட்டது அரசாங்கம். சுவீகாரம் செல்லாது என்றால் ஜமீனே சர்க்காருக்குப் போய்விடும்! வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1868-ல்தான் தீர்ந்தது. தென்னாட்டு வழக்கப்படி பங்காளிகளின் சம்மதம் இருந்தால் போதும் என்று தீர்ப்பு வந்தது. எழுதிவைத்த சாஸ்திரத்தைவிடத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கமே வலுவானது என்றும் அதில் சொன்னார்கள். இந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். ஒரு தாய் மகனைத் தன் மகன் என்று சொல்ல 21 ஆண்டுகள்!

வழக்கில் வென்ற அந்த மகன் 1873-ல் இறந்தபோது, அவருடைய பிள்ளை பாஸ்கர சேதுபதிக்கு வயது ஐந்து. சமஸ்தானத்தை, வயது வராத வாரிசுகளின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ எடுத்துக்கொண்டது. பையனைச் சென்னையில் வெள்ளைக்கார ஆசிரியரிடம் படிக்கவைத்து, 1889-ல்தான் பொறுப்பைக் கொடுத்தார்கள். சொல்லுக்கு அடங்கும் ஜமீன்தாரை எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ அள்ளிக் கொடுக்கும் ராஜாவாகவே வாழ்ந்தார். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டினார். 1897-ல் சுவாமி பாம்பனில் இறங்கியபோது நேரில் வரவேற்றார். 1901-ல் உறவினர் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது துணை நின்றார். கடன் கழுத்தை நெரித்தது. 1903-ல் 35 வயதிலேயே காலமானார். மறு ஆண்டில், உங்கள் தாத்தா காட்டும் அந்தப் பள்ளியில் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார்.

1948-ல் வந்த சட்டம் ஜமீன்களை ஒழித்தது. பாஸ்கர சேதுபதியின் பேரன் சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952-ல் ராமநாதபுரம் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்று, ராஜாஜி மந்திரிசபையில் அமைச்சரானார்.