நாரிப்பிடிப்போடு லாச்சப்பலில்: ஆரம்பிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் தொட்டி பெரும்பாலும் நாரிக்குக் கீழேதான் இருக்கும். துப்புரவு வேலையும் குனிய வைக்கிற வேலைதான். பாரிஸின் லாச்சப்பல் பக்கம் வந்த எங்கள் தமிழ் ஆட்கள் பலர் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கினார்கள். தைலம் பூசி, டொலிப்ரான் வலிமாத்திரை போட்டு, அடுத்த நாளும் வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பிடிப்பு மூன்று மாதத்துக்கு மேல் வந்து வந்து போகிறதென்றால் அந்த வழக்கம் போதாது.

முதலில்: காத்திருக்கக் கூடாதவை

சிறுநீர் போகாமல் அடைபடுதல் அல்லது தன்பாட்டில் போதல், தொடையிடுக்கு மரத்தல், கால் சோர்ந்து இழுபடுதல், காய்ச்சலோடு முதுகுவலி, விழுந்த பின் வந்த கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 15-ஐ அழையுங்கள். கார் டு நோர் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே லரிபுவாசியேர் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இருக்கிறது.

பிடித்த நேரத்தில்

நிலத்தில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைக் கதிரைமேல் வையுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். பதினைந்து நிமிடம் சூட்டு ஒத்தடம் கொடுங்கள். எழும்பும்போது பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழும்புங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே சில அடிகள் நடவுங்கள்.

படுத்தே கிடக்காதீர்கள்

பிடிப்பு என்பது தசை பயந்து இறுகுவது. கிடக்கக் கிடக்க அது இன்னும் இறுகும். பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி 2017-இல் தொடங்கிய பிரசாரமே, முதுகுவலிக்கு அசைவுதான் சரியான மருந்து என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நாட்பட்ட நாரிவலி வழிகாட்டியும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்து, இடுப்புப் பட்டியை வேண்டாம் என்கிறது. பட்டிக்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல சப்பாத்து வாங்கலாம் என்பது என் கட்சி.

டொக்டர், கினே, மாத்திரை

குடும்ப வைத்தியர் ஒருவரைப் பதிந்து வையுங்கள். பதியாவிட்டால் காப்புறுதி திருப்பித் தரும் பங்கு 70 வீதத்திலிருந்து 30 வீதமாக இறங்கும். கினேயிடம் (பிசியோதெரபிஸ்ட்) போக அவரிடமே மருந்துச் சீட்டு எழுதி வாங்குங்கள். கினே செலவில் 60 வீதம் திரும்பும். மிச்சத்தைத் துணைக் காப்புறுதி பார்க்கும். ஒஸ்தியோபாத்துக்கு அரச காப்புறுதி ஒன்றும் தராது. விசா இல்லாதவர்கள் அரச மருத்துவ உதவியான ஆ.எம்.எ.க்கு விண்ணப்பிக்கலாம்.

தசையைத் தளர்த்தும் தியோகொல்கிகோசிட் மாத்திரையை ஒரு கிழமைக்கு மேல் எடுக்கக்கூடாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அதனால் அண்ணனின் பெட்டியில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள்.

கினே சொல்லித்தருவதில் பாதி வீட்டில் செய்யவேண்டியது. அங்கே மசாஜ் மட்டும் கேட்டுப் படுத்திருந்தால் பயனில்லை.

தொட்டியடியில்

கழுவும் பாத்திரத்துக்குக் கீழே இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து உயர்த்துங்கள். ஒரு காலைச் சின்னப் பெட்டிமேல் வைத்து, இடையிடையே காலை மாற்றுங்கள். கோப்பைகளைத் தூக்கித் திரும்பும்போது நாரியை முறுக்காமல் பாதத்தைத் திருப்புங்கள். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மெத்ரோப் படி ஏறாதீர்கள். சில்லு வைத்த பை வாங்குங்கள்.

வேலையில் பிடித்தால்: கடுதாசி

இங்கேதான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வேலையிடத்தில் பாரம் தூக்கும்போது திடீரெனப் பிடித்தால் அது வேலை விபத்து. முதலாளிக்கு 24 மணித்தியாலத்துக்குள் சொல்லுங்கள். அன்றே டொக்டரிடம் விபத்துச் சான்றிதழ் எடுங்கள். முதலாளி 48 மணித்தியாலத்துக்குள் காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டும். விபத்தாக ஏற்றுக்கொண்டால் முதல் 28 நாளுக்கு நாட்சம்பளத்தின் 60 வீதமும், அதன்பின் 80 வீதமும் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பில் கிடைப்பது 50 வீதம்தான், அதுவும் முதல் மூன்று நாள் கழிய.

பல வருடம் பாரம் தூக்கி, முதுகெலும்புத் தட்டு விலகி, கால்வரை வலி இறங்கியவர்களுக்குத் தொழில்நோய் அட்டவணை 98 இருக்கிறது. வெறும் பிடிப்பு அதில் சேராது. தொழில் வைத்தியரை நீங்களாகவே கேட்டும் சந்திக்கலாம். நீங்கள் சொல்லும் நோய் விபரத்தை அவர் முதலாளிக்குச் சொல்ல முடியாது.

முதலாளி அறிவிக்க மறுத்தால், பதிவில்லாமல் கறுப்பில் வேலை செய்தவராக இருந்தாலும், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் நீங்களே காப்புறுதிக்கு எழுதலாம்.