குப்பை என்னும் எரு

சமையலறையில் நாம் கழித்தெறியும் பொருள்களுள் பெரும்பகுதி மண்ணுக்கு உணவாகத் தக்கது. அதனை மண்ணிடமே திருப்பித் தரும் வழியையும், அவ்வாறு தருவது ஏன் நம் கடமையாகிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

சொல் காட்டும் உண்மை

நகரத்தார்க்குக் குப்பை என்பது வேண்டாத பொருள். உழவர்க்கோ அது வயலுக்கு இடும் எரு. வண்டியில் எருவை ஏற்றி வயலில் கொட்டுவதைக் ‘குப்பை அடித்தல்’ என்றே சிற்றூர்களில் கூறுவர். தொழுவத்துச் சாணமும் கூளமும் சாம்பலும் எருக்குழியில் மட்கித் தொழுவுரம் ஆயின. உழவில் எருவுக்குரிய சிறப்பைத் திருக்குறளின் உழவு அதிகாரமும் எடுத்துரைக்கிறது. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய உழவர்களின் வழக்கங்களைக் கூர்ந்து நோக்கியவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது அவர் வகுத்த மட்குர முறை ‘இந்தூர் முறை’ என உலகெங்கும் அறியப்பட்டது.

கலப்பதால் வரும் கேடு

காய்கறித் தோலும் நெகிழிப்பையும் ஒரே கூடையில் விழும்போது இரண்டும் பயன் இழக்கின்றன. கலந்த குப்பை கிடங்கில் மலைபோல் குவிகிறது. காற்றுப் புகாத அதன் அடிப்பகுதியில் உணவுக்கழிவு அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. எளிதில் தீப்பற்றும் இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது.

சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பரப்பில் அமைந்தது. 2022 ஏப்ரலில் அங்குப் பற்றிய தீ பல நாள் நீடித்தது. அதே ஆண்டில்தான் அச்சதுப்புநிலம் உலக முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளின் வாழிடத்தில் நம் வீட்டு மிச்சங்கள் குவிகின்றன. தூய்மைப் பணியாளர்கள் அவற்றைக் கையால் கிளறிப் பிரிக்க நேர்கிறது. வீட்டுக் குப்பையை மட்குவது, மட்காதது, தீங்கு விளைப்பது என மூவகையாகப் பிரித்துத் தருமாறு 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. பிரிக்கும் இச்சிறு செயலை வீட்டில் செய்துவிட்டால் பின்னர் வரும் பெருந்துன்பம் குறையும்.

வீட்டில் உரம்

பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட மண்தொட்டிகள் இரண்டு போதும். அடியில் தேங்காய் நாரையோ சருகையோ பரப்புக. நாள்தோறும் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ ஆகியவற்றை இட்டு, அவை மறையுமாறு சருகைத் தூவுக. சிறிது புளித்த மோரோ ஒரு கைப்பிடி பழைய உரமோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். தோலில் நைட்ரஜன் மிகுதி. சருகில் கார்பன் மிகுதி. நுண்ணுயிர்கள் செழிக்க நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் ஏறத்தாழ 30 பங்கு வேண்டும். சருகு சேர்ப்பதன் காரணம் இதுவே.

வாரம் ஒருமுறை கிளறிவிடுக. கலவையில் பிழிந்த துணியின் ஈரம் இருத்தல் வேண்டும். துர்நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என அறிந்து சருகு சேர்க்க வேண்டும். மட்காமல் கிடந்தால் நீர் தெளிக்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்தல் நலம். ஒரு தொட்டி நிறைந்ததும் அதனை மூடிவைத்து மற்றதைத் தொடங்குக. இரண்டு, மூன்று திங்களில் கழிவு கருநிறம் பெற்று மண்மணம் கமழும் உரமாகும்.

தோட்டம் என்னும் வகுப்பறை

ஒரு வீட்டின் உரம் சில தொட்டிச் செடிகளைப் பேணும்; ஒரு தெருவின் உரம் பொதுத் தோட்டத்தையே வளர்க்கும். சத்துணவுக்கூடத்துக் காய்த்தோலும் வளாகத்துச் சருகும் இருக்கும் பள்ளியில் உரத்துக்குக் குறைவில்லை. விதைத்த ஒரு திங்களில் தண்டுக்கீரை பறிக்கலாம். நீர் ஊற்றும் முறைநாள், விளைச்சலின் பங்கீடு, விடுமுறைக் காலப் பொறுப்பு ஆகியவற்றைக் கூடிப் பேசி முடிவு செய்யும்போது மாணவர் பொதுவாழ்வின் நெறியையும் பயில்கின்றனர். நகரில் குடியேறிய முதிய உழவர் ஒருவர் அத்தோட்டத்துக்கு வந்தால், ஏட்டில் இல்லாத அறிவு இளையோர் கைக்கு மாறும்.

நிலத்திலிருந்து பெற்றதை நிலத்துக்கே தருவது முன்னோர்க்கு இயல்பான வாழ்க்கை. நமக்கு அது தெரிந்து செய்ய வேண்டிய கடமையாகிவிட்டது. இன்றைய சமையலின் காய்த்தோலைத் தனியே எடுத்து வைப்பதே அதன் முதற்படி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சேரும் மட்கும் கழிவை நாள்தோறும் எடையிட்டு அட்டவணைப்படுத்துக.
2. எரு, உரம், உழவு தொடர்பாக உங்கள் ஊரில் வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.